பிள்ளைப்பேறின்மையும் பழி தேடும் சமூகமும்

உலக சுகாதார ஸ்தாபனம் 2025 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பிள்ளைப்பேறின்மை தொடர்பான தனது முதலாவது உலகளாவிய வழிகாட்டலை வெளியிட்டது. தடுப்பு, நோயறிதல், சிகிச்சை என்பன குறித்த 40 பரிந்துரைகள் அதில் அடங்கியுள்ளன. அதற்கு முன்னர், 2023 ஏப்ரலில் அதே ஸ்தாபனம் வெளியிட்ட அறிக்கையொன்று, உலகில் வயது வந்தோரில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் தமது வாழ்நாளின் ஏதோவொரு கட்டத்தில் இப்பிரச்சினையை எதிர்கொள்வதாகக் கணிப்பிட்டிருந்தது. செல்வந்த நாடு, வறிய நாடு என்ற வேறுபாடு இதில் பெரிதாகக் காணப்படவில்லை. இத்துணை பரவலானதொரு நோய் நிலைமைக்கு உலகளாவிய வழிகாட்டலொன்று கிடைப்பதற்கு 2025 வரை காத்திருக்க நேர்ந்தமையே, இவ்விடயம் எவ்வளவு காலமாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது என்பதற்குச் சான்றாகும்.

கருத்தடை எதனையும் கைக்கொள்ளாது 12 மாதங்கள் ஒழுங்காக இல்லறம் நடத்தியும் கருத்தரிக்காத நிலையையே மருத்துவ உலகம் பிள்ளைப்பேறின்மை என வரையறுக்கின்றது. இது ஆணுக்கோ பெண்ணுக்கோ இருவருக்குமோ உள்ள இனப்பெருக்கத் தொகுதியின் நோய் என்றே உலக சுகாதார ஸ்தாபனமும் வகைப்படுத்தியுள்ளது. ஆனால், எமது சமூகங்களிலோ இது நோயாகக் கொள்ளப்படுவது அரிது. சாபம், தோஷம், கண்ணூறு, செய்வினை, ஊழ் என எத்தனையோ பெயர்கள் அதற்கு உண்டு. நோய் என்றால் வைத்தியரைத் தேடலாம். சாபம் என்றால் சாபத்துக்கு உரியவரைத் தேட வேண்டும். அவ்வாறு தேடும்போது முதலில் அகப்படுபவள் வீட்டுக்கு வந்த மருமகளே.

எமது மொழியின் வழக்கே இதற்குச் சாட்சி சொல்லும். 'மலடி' என்ற சொல் ஊரெங்கும் ஏச்சாகப் புழங்குகின்றது. அதன் ஆண்பாற் சொல் அகராதியில் உண்டு. ஒருவரை நோக்கி அது சொல்லப்பட்டதை எம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கின்றோம்? திருமணமாகி இரண்டாவது தீபாவளி வருவதற்குள், அல்லது இரண்டாவது நோன்புப் பெருநாள் வருவதற்குள், "விசேஷம் ஒன்றும் இல்லையா?" என்ற கேள்வி பெண்ணிடமே கேட்கப்படுகின்றது. வளைகாப்புக்கு அவள் அழைக்கப்படுவதில்லை. அழைக்கப்பட்டாலும் ஓரமாக நிற்க வைக்கப்படுகின்றாள். விரதம் அவளுக்கு, நேர்ச்சை அவளுக்கு, கோயில் மரத்தில் தொட்டில் கட்டுவதும் சியாரத்தில் தாயத்து வாங்குவதும் அவளுக்கே. இவற்றின் மீது நம்பிக்கை கொண்டோரை நாம் குறைகூற வரவில்லை. ஆனால், இவை யாவும் நடந்தேறிய பின்னரும் கணவர் ஒரு தடவைதானும் பரிசோதனைக்குச் செல்லாதிருப்பதே எமது கேள்விக்குரியது. பிள்ளை இல்லை என்ற காரணத்தைக் காட்டி இரண்டாவது திருமணம் செய்து, அங்கும் பிள்ளை பிறவாது, இரு பெண்களுமே குற்றவாளிகளாக்கப்பட்ட கதைகள் தமிழ்க் கிராமங்களிலும் உண்டு, முஸ்லிம் கிராமங்களிலும் உண்டு.

வீட்டுக்குள் பழி தேடும் இப்பழக்கம் வீதிக்கு வந்தால் என்னவாகும் என்பதை இந்நாடு இரு தடவைகள் கண்டுள்ளது.

2018 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 26 ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவருக்குச் சொந்தமான உணவகத்தில் பரிமாறப்பட்ட உணவில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதாகச் சர்ச்சை எழுந்தது. சிங்கள மொழியில் போதிய பரிச்சயமற்ற காசாளர் அச்சத்தில் தலையசைத்த காட்சி கைத்தொலைபேசியில் பதிவாகி, சமூக வலைத்தளங்களின் வழியாக நாடெங்கும் பரவியது. கடைகளும் வாகனங்களும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வில் அந்த 'மாத்திரை' வெறும் மாக்கட்டி எனத் தெரியவந்தது. ஒரு வேளை உணவில் கலந்து ஒருவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை எதுவும் மருத்துவத்தில் இல்லை என்பது எந்தவொரு வைத்திய மாணவருக்கும் தெரிந்த செய்தி. அச்செய்தி மக்களைச் சென்றடைய முன்னரே கல் சென்றடைந்து விட்டது.

அதற்கு அடுத்த ஆண்டு நிகழ்ந்தது இதனிலும் பாரதூரமானது. உயிர்த்த ஞாயிறு தாக்குதல்கள் இடம்பெற்று ஒரு மாதமே கடந்திருந்த நிலையில், 2019 மே 23 ஆம் திகதி, சிங்கள நாளிதழ் ஒன்று தனது முதற்பக்கத்தில், முஸ்லிம் வைத்தியர் ஒருவர் சிங்களத் தாய்மார் 4000 பேருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்ததாகச் செய்தி வெளியிட்டது. குருணாகல் போதனா வைத்தியசாலையில் கடமையாற்றிய வைத்தியர் ஷாபி ஓரிரு நாட்களில் கைது செய்யப்பட்டார். சிசேரியன் சத்திரசிகிச்சையின்போது அவர் பலோப்பியன் குழாய்களை நசுக்கி விட்டார் என்பதே குற்றச்சாட்டு. சந்தேகமுள்ள பெண்கள் முறைப்பாடு செய்யலாம் என அழைக்கப்பட்டபோது நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நின்றனர். ஜூன் மாத இறுதியில், இக்குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை எனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றுக்கு அறிவித்தது. ஜூலை 25 ஆம் திகதி அவர் பிணையில் விடுவிக்கப்பட்டார். பின்னர் சேவையிலும் மீள அமர்த்தப்பட்டார். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் வைத்தியசாலைகள் மருந்தின்றித் தவித்த வேளையில், தமக்குக் கிடைத்த சம்பள நிலுவையான சுமார் 26 இலட்சம் ரூபாவை மருந்துக் கொள்வனவுக்கென அவர் திருப்பியளித்தமை வாசகர்கள் அறிந்ததே.

இவ்விவகாரத்தின் இனவாத அரசியல் குறித்து ஏலவே நிறைய எழுதப்பட்டு விட்டது. நாம் இங்கு நோக்க விரும்புவது அந்த வரிசையில் நின்ற பெண்களைப் பற்றியதாகும். அவர்கள் அனைவரும் இனவாதிகள் என நாம் கருதவில்லை. முதற் குழந்தையைச் சிசேரியன் மூலம் பெற்ற பின்னர், ஆண்டுகள் கடந்தும் இரண்டாவது பிள்ளை தரிக்காமையால் மனம் நொந்திருந்தவர்கள் அவர்களுள் பலர். ஒரு பிள்ளை பெற்றவருக்கு அடுத்த பிள்ளை உருவாகாமற் போவது மருத்துவத்தில் நன்கறியப்பட்ட ஒன்று. இரண்டாம் நிலைப் பிள்ளைப்பேறின்மை என அதனைக் குறிப்பிடுவர். தாயின் வயது ஏறியிருக்கலாம், பிரசவத்தின் பின்னரான தொற்றினால் குழாயில் அடைப்பு ஏற்பட்டிருக்கலாம், தைரொயிட் சுரப்பியில் குறைபாடு தோன்றியிருக்கலாம், உடற்பருமன் கூடியிருக்கலாம், கணவரின் விந்தணு குறைந்திருக்கலாம். குழாய் திறந்துள்ளதா இல்லையா என்பதைக் கருப்பையினுள் சாயம் செலுத்தி எடுக்கும் ஊடுகதிர்ப் படம் பெரும்பாலும் காட்டிவிடும். இவ்வளவும் அப்பெண்களுக்கு உரிய காலத்தில், அவர்களது மொழியில், எவரேனும் பொறுமையாக எடுத்துக் கூறியிருப்பின் அந்த வரிசை அவ்வளவு நீண்டிருக்காது என்பது எமது துணிபு. விளக்கம் கிடையாத துயரம் ஒரு குற்றவாளியைத் தேடி அலைந்தது. அரசியல் அந்தக் குற்றவாளியின் பெயரைச் சொல்லிக் கொடுத்தது.

எமது பக்கத்தில் அவநம்பிக்கை இல்லை என்பதல்ல. 2013 ஆகஸ்ட் மாத இறுதியில் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், வலைப்பாடு, கிராஞ்சி ஆகிய கிராமங்களில், கிளினிக்குக்கு அழைக்கப்பட்ட தாய்மாருக்குக் கையில் பதிக்கும் கருத்தடைச் சாதனம் உரிய விளக்கமின்றி, அழுத்தத்தின் பேரில் பொருத்தப்பட்டதாக முறைப்பாடுகள் எழுந்தன. குருணாகல் குற்றச்சாட்டையும் இதனையும் ஒரே தராசில் வைக்க முடியாது. முன்னையதற்கு ஆதாரமே கிடைக்கவில்லை. எனினும் ஒரு பெண்ணின் கருப்பை தொடர்பான எந்தச் செயலும் அவளது முழுமையான சம்மதத்துடன் மாத்திரமே நடைபெறுதல் வேண்டும் என்பதையும், அச்சம்மதம் மீறப்பட்டதான பேச்சு எழுந்தாலே அப்பகுதி மக்கள் வைத்தியசாலைப் பக்கம் செல்லத் தயங்குவர் என்பதையும் சுகாதார அதிகாரிகள் மறந்துவிடலாகாது.

இனி, மருத்துவம் அறிந்துள்ளவற்றைச் சிறிது நோக்குவோம். ஆரோக்கியமான நூறு தம்பதியரில் எண்பதுக்கும் மேற்பட்டோருக்கு முதலாம் ஆண்டிலேயே கரு உருவாகின்றது. எஞ்சியோரில் அரைவாசிப் பேருக்கு இரண்டாம் ஆண்டில் இயல்பாகவே கைகூடுகின்றது. எனவே திருமணமாகி ஆறாம் மாதத்தில் பதறுவதும் தவறு. ஆறாம் ஆண்டு வரை பொறுத்திருப்பதும் தவறு. பெண்ணுக்கு 35 வயதைக் கடந்திருப்பின் ஓராண்டு காத்திராது ஆறு மாதங்களிலேயே வைத்திய ஆலோசனை பெறுதல் நன்று. மாதவிடாய் ஒழுங்கற்றவர்களும், தாங்கொணா வயிற்றுவலியுடன் மாதவிடாய் காண்பவர்களும், இளமையில் குடல்வால் வெடித்துச் சத்திரசிகிச்சை செய்தவர்களும் அதுவரை கூடக் காத்திருக்கத் தேவையில்லை.

வெளிநாட்டுத் தொழிலில் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு. கிழக்கிலும் மன்னாரிலும் புத்தளத்திலும், கணவர் கட்டாரிலோ சவூதியிலோ இருக்க, இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை நாற்பது நாள் விடுமுறையில் வந்து செல்லும் குடும்பங்கள் ஏராளம். ஒரு மாதவிடாய்ச் சுற்றில் கருத்தரிக்கக் கூடிய நாட்கள் சூல் வெளியேறும் நாளுடன் சேர்த்து ஏறக்குறைய ஆறு மாத்திரமே. இளம் தம்பதியருக்குக் கூட அச்சுற்றில் கருத்தரிக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று அல்லது அதற்கும் குறைவு. நாற்பது நாட்களில் அமைவது ஒன்று அல்லது இரண்டு சுற்றுக்கள். இவ்வாறு ஆறு ஆண்டுகளில் நான்கு மாதங்களே சேர்ந்து வாழ்ந்த தம்பதியரை 'ஆறு வருடமாகப் பிள்ளை இல்லாதவர்கள்' என ஊர் எண்ணிக் கொள்கின்றது. அவர்களுள் பலருக்கு நோயே இல்லை. விமான நிலையத்தில் கணவரை வழியனுப்பிவிட்டு வரும் மனைவி, மாமியார் வீட்டில் பதில் சொல்ல வேண்டியவளாகின்றாள் என்பதே கொடுமை.

நோய் உள்ளவர்களை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ அரைவாசித் தம்பதியரில் ஆண் பக்கக் காரணம் தனித்தோ பெண் பக்கக் காரணத்துடன் சேர்ந்தோ காணப்படுகின்றது. விந்துப் பரிசோதனை, இத்துறையில் உள்ள சோதனைகளுள் மிக எளிதானதும் மலிவானதுமாகும். ஊசி இல்லை, வலி இல்லை. இரண்டு முதல் ஏழு நாட்கள் உறவைத் தவிர்த்த பின்னர் மாதிரி வழங்கினால் போதும். உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2021 ஆம் ஆண்டுக் கைந்நூலின்படி ஒரு மில்லிலீற்றரில் 16 மில்லியன் விந்தணுக்கள் என்பது கீழ் எல்லையாகக் கொள்ளப்படுகின்றது. அவற்றுள் 42 சதவீதமேனும் அசையக் கூடியனவாக இருத்தல் வேண்டும். முதல் அறிக்கை குறையெனக் காட்டினால் உடைந்து போகத் தேவையில்லை. விந்தணு உருவாகி முதிர்வதற்கு இரண்டரை மாதமளவில் ஆவதால், ஒரு காய்ச்சல் கூட எண்ணிக்கையைக் குறைத்துவிடும். ஆதலால் சில வாரங்கள் கழித்து மீண்டும் சோதிப்பர். புகைத்தல், மது, கட்டுப்பாடற்ற நீரிழிவு, பருவ வயதில் வந்த கூகைக்கட்டு, விதைப்பைக் குருதி நாள வீக்கம் என்பன காரணங்களாகலாம். உடற்பயிற்சி நிலையங்களில் தசை திரள்வதற்கென இளைஞர்கள் ஏற்றிக் கொள்ளும் ஓமோன் ஊசிகள் விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிட வல்லன. 'ஆண்மைக்கு' என எண்ணி ஏற்றும் ஊசி தந்தையாகும் வாய்ப்பைப் பறிக்கின்றது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. இன்னுமொன்று: தாம்பத்தியத்தில் குறையேதும் இல்லாத ஆணுக்கும் விந்தணு இல்லாதிருக்கலாம். இவையிரண்டும் வெவ்வேறு விடயங்கள். இதனை விளங்கிக் கொள்ளாமையே பல கணவன்மாரைச் சோதனைக் கூடத்தின் வாசலிலிருந்து திருப்பியனுப்புகின்றது.

பெண்களில், சூல் ஒழுங்காக வெளியேறாமையே அடிக்கடி காணப்படும் காரணம். 'பொலிசிஸ்டிக் ஓவரி' எனப் பலரும் அறிந்துள்ள நிலை அதன் முக்கிய பிறப்பிடம். உடல் எடை கூடியவர்களுக்கு எடைக் குறைப்பே பல வேளைகளில் முதல் மருந்தாகின்றது. தேவைப்படின் சூல் வெளியேற்றத்தைத் தூண்டும் மாத்திரைகள் வழங்கப்படுகின்றன. குழாய் அடைப்பு, கருப்பை உட்சுவர் இழையம் வெளியே வளர்தல், தைரொயிட் மற்றும் புரோலக்டின் ஓமோன்களின் குறைபாடு, தெற்காசியாவில் இனப்பெருக்க உறுப்புக்களைத் தாக்கும் காசநோய் என ஏனைய காரணங்கள் உள. எல்லாச் சோதனையும் சரியாக இருந்தும் காரணம் புலப்படாத தம்பதியரும் கணிசமாக உள்ளனர். அவர்களை விதியின் பேரில் விட்டுவிட வேண்டியதில்லை. அவர்களுக்கும் சிகிச்சை உண்டு.

விசேட வைத்திய நிபுணரை நாடுவோர் முதல் நாளிலேயே இருவராகச் செல்லுதல் வேண்டும் என்பதை வலியுறுத்த விரும்புகின்றோம். மனைவியை மாத்திரம் ஆறு வைத்தியர்களிடம் அழைத்துச் சென்று, ஏழாவது வைத்தியர் கேட்ட பின்னர் கணவர் சோதனை செய்து, அங்கேயே காரணம் கண்டறியப்படுவது வழமையாகி விட்டது. அதற்குள் கழிந்த ஆண்டுகளை எந்த மருந்தும் திருப்பித் தராது. பெண்ணின் சூல்கள் பிறக்கும்போதே எண்ணிக்கை வகுக்கப்பட்டவை. வயது முப்பத்தைந்தைக் கடந்த பின்னர் எண்ணிக்கையும் தரமும் விரைவாகக் குறைகின்றன.

1978 ஜூலை 25 ஆம் திகதி இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில், உடலுக்கு வெளியே கருக்கட்டப்பட்ட முதற் குழந்தையான லூயிஸ் பிரவுண் பிறந்தார். அம்முறையை உருவாக்கியோருள் ஒருவரான ரொபேர்ட் எட்வேர்ட்ஸுக்கு 2010 ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. இதுவரை ஒரு கோடிக்கும் அதிகமான குழந்தைகள் இவ்வழியில் பிறந்துள்ளனர். ஆயினும் ஐ.வி.எவ் என்பது கேட்டதைத் தரும் கற்பக விருட்சமன்று. முப்பத்தைந்துக்குக் குறைந்த வயதினரிலும் பல முயற்சிகள் தோல்வியுறுகின்றன. நாற்பதுகளில், தமது சொந்தச் சூலைப் பயன்படுத்துவோருக்கு வெற்றி வாய்ப்பு மிக அருகிவிடுகின்றது. எனவே சிகிச்சை நிலையமொன்றில் "உங்கள் வெற்றி வீதம் எவ்வளவு?" எனக் கேட்பதை விட, "எனது வயதில் உள்ளவர்களில், ஆரம்பித்த சிகிச்சைகளில் எத்தனை உயிருள்ள குழந்தையில் முடிந்தன?" எனக் கேட்பதே பொருத்தமானது. சுவரொட்டிகளிலும் முகநூலிலும் நூறு வீத உத்தரவாதம் அளிப்போரிடமிருந்து விலகி நிற்பது பணத்துக்கும் நல்லது, உடலுக்கும் நல்லது. எத்தனை கரு வைக்கப்படும், யாருடைய விந்தணு, யாருடைய சூல் என்பன எழுத்தில் இருத்தல் வேண்டும்.

மார்க்கம் இதனை அனுமதிக்கின்றதா என்ற ஐயத்தினால் ஆண்டுகளைக் கடத்தும் முஸ்லிம் தம்பதியர் இன்றும் உள்ளனர். எகிப்தின் பத்வாத் தலைமைப் பீடத்திலிருந்த ஷெய்க் ஜாதுல் ஹக், 1980 மார்ச் மாதத்திலேயே, திருமண பந்தம் நீடிக்கும் காலத்தில் கணவனின் விந்தணுவையும் மனைவியின் சூலையும் கொண்டு செய்யப்படும் வெளிக்கருக்கட்டல் அனுமதிக்கப்பட்டது எனத் தீர்ப்பளித்திருந்தார். மூன்றாம் நபரின் பங்களிப்பை அவர் விலக்கினார். சுன்னி உலகில் இந்நிலைப்பாடே பரவலாகப் பின்பற்றப்படுகின்றது. கத்தோலிக்கத் திருச்சபையோ 1987 ஆம் ஆண்டு ஆவணத்தில் வெளிக்கருக்கட்டலை ஏற்க மறுத்தது. ஆயினும் நோயறிதலையும் மருந்துச் சிகிச்சையையும் சத்திரசிகிச்சையையும் அது தடுக்கவில்லை. இந்துக்களுக்கு இவ்வாறானதொரு மத்திய பீடமே இல்லை. ஆக, சோதனைக்குச் செல்வதற்கு எந்தச் சமயமும் குறுக்கே நிற்கவில்லை. குறுக்கே நிற்பது பெரும்பாலும் கூச்சமே.

அடுத்தது பணம். ஆரம்பச் சோதனைகளைப் பெரிய அரச வைத்தியசாலைகளின் பெண் நோயியல் கிளினிக்குகளில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். ஆனால் வெளிக்கருக்கட்டல் பெருமளவுக்குத் தனியார் துறையின் கையிலேயே உள்ளது. அதுவும் கொழும்பை மையமாகக் கொண்டே வளர்ந்துள்ளது. ஒரு முயற்சிக்கே இலட்சக்கணக்கான ரூபா செலவாகின்றது. நகைகளை அடகு வைத்தும் காணியை விற்றும் கொழும்புக்கும் சென்னைக்கும் செல்லும் தம்பதியர், முதல் முயற்சி தோற்றால் இரண்டாவதுக்கு எங்கே போவது என்றறியாது திரும்புகின்றனர். பிரசவத்துக்கு ஒரு சதமேனும் அறவிடாத இலவச சுகாதார சேவையைப் பெருமையுடன் பேணி வந்த நாட்டில், பிள்ளை பெறுவதற்கான சிகிச்சை மாத்திரம் வசதி படைத்தோரின் உரிமையாக இருப்பது நியாயமன்று.

அரசாங்கம் இதனை ஒரே நாளில் மாற்றிவிட முடியாது என்பதை நாம் அறிவோம். ஆனால் பெருஞ்செலவின்றி ஆகக்கூடியவை உள்ளன. ஒவ்வொரு கிராமத்திலும் வீடு வீடாகச் செல்லும் குடும்ப சுகாதார உத்தியோகத்தரின் பதிவேட்டில் தம்பதியரின் விபரம் ஏலவே உண்டு. திருமணமாகி ஓராண்டு கடந்தும் கருத்தரிக்காதோரை, ஊர் கேட்பதற்கு முன்னர் அவர் தனிமையில் கேட்டு, கணவன் மனைவி இருவரையும் ஒரே கடிதத்தில் ஆதார வைத்தியசாலைக்கு அனுப்பலாம். தமிழ் மொழியில் விளக்கமளிக்கக் கூடியவர்களும், பெண் வைத்தியர்களும் அக்கிளினிக்குகளில் இருக்க வேண்டும். அது சலுகையன்று, சிகிச்சையின் ஒரு பகுதி.

மேலும், விந்து மாதிரி பெறப்பட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் சோதிக்கப்படுதல் வேண்டும். முல்லைத்தீவின் உட்கிராமத்திலிருந்தோ பொத்துவிலுக்கு அப்பாலிருந்தோ பஸ்ஸில் வரும் ஒருவர், அதனை வீட்டிலிருந்து கொண்டுவந்து சேர்ப்பது இயலாத காரியம். வைத்தியசாலையிலேயே வழங்கலாம் என்றால், பல இடங்களில் அவருக்குக் காட்டப்படுவது பொதுக் கழிவறையே. வெட்கித் திரும்பிச் செல்பவர் மறுபடி வருவதில்லை. சந்தேகம் மனைவியின் பேரிலேயே நிலைத்து விடுகின்றது. உட்புறம் தாழிடக் கூடிய கதவும், கை கழுவத் தண்ணீரும், பக்கத்திலேயே ஆய்வுகூடமும் உள்ள ஒரு சிறிய அறையை ஒவ்வொரு ஆதார வைத்தியசாலையிலும் ஒதுக்குவதற்கு அமைச்சரவைப் பத்திரம் தேவைப்படாது.